நாலு விரற்கடை

இதைச் சொன்னவர் வேதநாயகி. திரைப்படங்களில் சிகையலங்காரம் செய்பவர். சொன்னபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. சொன்ன நாள் 2021 ஆகஸ்ட் 8, ஞாயிறு பிற்பகல். இடம் சாலிகிராமத்தில் அவர் குடியிருக்கும் இரண்டாம் மாடி வீடு. இது நடந்தபோது, கோத்தகிரியில் படப்பிடிப்பு நடந்த பங்களாவில் அவரும் இருந்தார். ஆனால் தனி அறையில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் நெஞ்சில் ஓடியதை அவர் எப்படி அறிவார் என்று கேட்டபோது, அந்த மனிதரே, படத்தின் துப்பாக்கிகளுக்குப் பொறுப்பான அருளாந்து, மலையிறங்கிய பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்து சொன்னதாகச் சொன்னார். மேட்டுப்பாளையம் வரும்வரை அருளாந்து நிறுத்தவில்லையாம். அவர் வாயில் திரும்பத் திரும்ப வந்தவை இங்கேயும் திரும்பத் திரும்பவே விடப்பட்டுள்ளன.

கோத்தகிரியில் அந்தப் பழைய பங்களாவின் சமையற்கட்டை ஒட்டிய பாத்திர அறையில் அருளாந்து முக்காலியில் உட்கார்ந்தபோது மணி காலை ஏழு பத்து. ஷாட் ஏழு ஐம்பதுக்கு. நாற்பது நிமிடம் என்பது ஏராளம், பிஸ்டலின் கைப்பிடிக்குள் சொருகும் மேகசினில் கேஸ் ஏற்ற அரை நிமிடம் போதும், ஆனால் எந்தக் கேஸ் என்பதற்கு நேற்று மாலையிலிருந்து யோசித்தும் நேரம் போதவில்லை என்று அவர் நினைத்தார், நினைத்துக்கொண்டே எதிரே இருந்த கடப்பைக்கல் மேடையில் மூன்றையும் வரிசையாக வைத்தார், வைத்ததைக் கலைத்து மறுபடி வைத்தார். முதலாவது பச்சை டப்பா. அடுப்பெரிக்கிற கேஸுக்குக் கூடப்பிறந்தது, வாசனையைத் தூக்கிவிட்டுச் சிலிக்கான் எண்ணெய் கலந்து அடைத்தது, குளிரானாலும் ஓரளவு வேகம் காட்டும், ஆனால் தீயைக் கண்டால் தீதான். இரண்டாவது ஏசி கேஸ். காரில் குளிர் வரவைப்பது, எரியாது, சாது, பிஸ்டலின் பிளாஸ்டிக் உடம்பை நோகடிக்காது, ஆனால் குளிர்ந்துவிட்டால் எழும்பாமல் படுத்துக்கொள்ளும். மூன்றாவது சோடா குப்பி, கட்டைவிரல் பருமனில் எஃகுக் குப்பி, அதற்குத் தனி மேகசின், மூன்றிலும் மூர்க்கம் அதற்குத்தான், போன மாதம் வீட்டில் சோதித்துப் பார்த்தபோது அது ஒரு பிஸ்டலின் ஸ்லைடையே விரிசல் விடவைத்தது. மேடைமேல் கிடந்த பிஸ்டல் நிஜப் பிஸ்டல் இல்லை, எடையும் நிறமும் மட்டும் நிஜம், பிளாஸ்டிக் குண்டு போட்டு விளையாட வெளிநாட்டில் செய்தது. உள்ளே கேஸ் இருந்தால் விசையை அழுத்தும்போது மேற்பாகம், ஸ்லைடு என்பார்கள், படக்கென்று பின்னால் போய் முன்னால் வரும், கேமராவுக்கு அது போதும், தீப்பொறியையும் சத்தத்தையும் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். குண்டு போடவே போவதில்லை. குண்டே இல்லாத துப்பாக்கிக்கு எந்தக் கேஸ் ஊற்றினால் என்ன, யாருக்கு என்ன, என்று கேட்டுப் பார்த்தார். யாருக்கு என்ன என்பதற்குப் பதில் பக்கத்துக் கூடத்தில் இருந்தது. கூடத்தில் தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். அந்த டேப்பில் ஆன்சி என்ற இருபத்துமூன்று வயதுப் பெண் நிற்பாள், முதல் படம், அவள் முகத்துக்கு நேரே கஜேந்திரன் சார் பிஸ்டலை நீட்டுவார், முனைக்கும் புருவத்துக்கும் நடுவே நாலு விரற்கடை, கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், விசை அழுத்தப்படும், ஸ்லைடு உதைக்கும், அவள் முகத்தில் வருவது நடிப்பாக இருக்கக் கூடாது என்று டைரக்டர் தீனதயாளன் நேற்று எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னார். நாலு விரற்கடை. அருளாந்து தம் விரல்களைச் சேர்த்துத் தம் புருவத்துக்கு முன்னே வைத்துப் பார்த்தார். உள்ளங்கையின் சூடு முகத்தில் பட்டது. அவ்வளவு பக்கம்.

நேற்று மாலை ஒத்திகையில் ஏசி கேஸ்தான் போட்டிருந்தார். ஐந்து மணிக்கே மலையில் குளிர் இறங்கிவிட்டது, விசையை அழுத்தினால் ஸ்லைடு பாதி தூரம் போய் அங்கேயே நின்று யோசித்தது. "என்னய்யா, உன் துப்பாக்கி கொட்டாவி விடுது?" என்றார் தீனதயாளன். மொத்த யூனிட்டும் சிரித்தது, அருளாந்தும் சிரித்தார், நாலு வருஷம் கழித்துக் கிடைத்த முதல் படத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. அப்போதே அவர் வேறொன்றும் சொல்லியிருக்கலாம். சார், இவ்வளவு பக்கத்தில் ஆள் மூஞ்சிக்கு நேராக வேண்டாம் சார். பத்துச் சொல்கூட இல்லை. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது, நாளைக்கு வேற கேஸ் பார்க்கிறேன் சார், என்பது. அதிலிருந்து இது கேஸ் பிரச்சினை ஆகிவிட்டது. இரவெல்லாம் அவர் போர்வைக்குள் கேஸ்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார், பச்சை, ஏசி, சோடா, பச்சை, ஏசி, சோடா, நாலாவதாக ஒன்று ஓரத்தில் நிற்பது தெரிந்தும் அதன் பக்கம் திரும்பாமல் எண்ணினார். பச்சை என்றால் கூடத்தில் கணப்பு எரிகிறது. ஆறடி தூரம், பிஸ்டலிலிருந்து கசிவது ஒரு மூச்சளவு, அது அங்கே போய்ச் சேர்வதற்குள் காற்றோடு காற்றாகிவிடும், அது அவருக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் மனசு அந்தக் கணப்பைச் சுற்றிச் சுற்றி வந்தது, ஏனென்றால் கணப்பைப் பற்றிப் பயப்படுவது சுலபமாக இருந்தது. சோடா என்றால் அதன் மேகசினில் வாசர் தேய்ந்திருக்கிறது, கசியும். ஏசி என்றால் கொட்டாவி. மேகசினைச் சூடாக வைத்திருந்தால் ஏசி கேஸும் நாலைந்து தடவை நன்றாகவே உதைக்கும், அதற்காகத்தான் இப்போது ஏசி கேஸ் ஏற்றிய மேகசினை ஸ்வெட்டருக்குள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரும்பு முதலில் கடித்தது. பிறகு கடிப்பது நின்று, தம் உடம்பிலிருந்து என்னவோ மெல்ல அதற்குள் இறங்குவதுபோல் இருந்தது.

கதவைத் தட்டாமல் தமயந்தி தலையை நீட்டினாள். அசோசியேட் டைரக்டர், முப்பது வயது, காதில் ஹெட்செட், கையில் பேப்பர் கட்டு.

"அண்ணா, எது போடுறீங்க?"

"யோசிச்சிட்டிருக்கேன் மேடம்."

"சாம்பாரா ரசமான்னு கேட்ட மாதிரி யோசிக்கிறீங்க. சார் ஒண்ணுதான் சொன்னாரு, கொட்டாவி கூடாது."

"மூஞ்சிக்கு நேராவே வேணுமா மேடம்? லேசா காதுப் பக்கம் சாய்ச்சா..."

"கேமரா பிஸ்டலுக்குப் பின்னாடி இருக்குண்ணா. சாய்ச்சா குறி விலகுறது தெரிஞ்சு பல்லைக் காட்டிரும். நானும் சொல்லிப் பார்த்தேன்."

"என்ன சொன்னாரு?"

"'உன் படத்துல சாய்ச்சுக்கோ தமயந்தி'ன்னாரு." அவள் பேப்பரைப் புரட்டினாள். "நீங்க சொன்னா ஒருவேளை கேப்பாரு. துப்பாக்கி உங்களுதுல்ல."

அருளாந்து மேடையில் இருந்த டப்பாக்களை நேராக்கினார். அவள் ஒரு கணம் காத்திருந்தது அவருக்குத் தெரிந்தது. பிறகு அவள் கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "எப்படியும் காலிதானே?"

"குண்டு இல்லை மேடம். குழாயும் சுத்தம். கேஸ் மட்டும் இருக்கும்."

"அதான்ணா. காலி." போய்விட்டாள்.

காலி. அந்தச் சொல் அறையில் தங்கிவிட்டது. நாலு வருஷமாக அவர் அதை வாயில் எடுப்பதில்லை, வீட்டில் மனைவி பவுடர் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு காலியாயிருச்சுங்க என்றால் சோற்றை மெல்வது நின்றுவிடும், பேருந்தில் சீட் காலியா என்று யாராவது கேட்டால் எழுந்து இடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வருவார். புதுப்பேட்டையில் கார் ஏசி மெக்கானிக்காக இருந்த பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன சொல் அது, அங்கே அதற்கு ஒரே பொருள்தான், கேஸ் தீர்ந்துவிட்டது, இனி ஏற்றலாம். வண்டியின் மூடியைத் திறந்து வால்வைத் தொட்டு, சீறல் வராவிட்டால், காலிப்பா, டப்பா எடு. ஒரு நாள் சினிமாக் கம்பெனி ஆள் ஒருவர் வண்டிக்குக் காத்திருந்தபோது ஒரு பொம்மைத் துப்பாக்கியை நீட்டி, இதுக்குள்ள எதாவது ஏத்த முடியுமா பாருங்க, வெளிநாட்டு டப்பா விமானத்துல வரமாட்டேங்குது என்றார், அருளாந்து விளையாட்டாக ஏசி கேஸ் ஏற்றினார், ஸ்லைடு உதைத்தது, கடை முழுக்கச் சிரிப்பு. அப்படித்தான் இந்தத் தொழில். ஆனால் தொழில் மாறியபோது நாக்கு மாறவில்லை, சினிமாவில் காலி என்றால் குண்டு இல்லை என்று பொருள், அது தெரியாதா என்றால் தெரியும், தெரியாமல் ஏழு வருஷம் ஓட்ட முடியுமா, ஆனால் அவசரத்தில் மனிதன் தன் முதல் தொழிலின் பாஷையில்தான் பேசுகிறான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு படத்தில், அன்று காலை கண்ணாடி உடைகிற ஷாட், அதற்காகப் பிளாஸ்டிக் குண்டு போட்டிருந்தது. மத்தியானம் குண்டு வேண்டாத ஷாட். பிஸ்டலைக் கையில் வாங்கி மேகசினின் வால்வை அழுத்திப் பார்த்தார், சீறல் இல்லை. ஃபைட் உதவியாளர் கேட்டான், காலியா மாஸ்டர்? காலி, என்றார் அருளாந்து. அவர் சொன்னது கேஸ். அவன் கேட்டது குண்டு. குண்டில்லாத, கேஸ் நிறைந்த வேறொரு மேகசினை அவன் சொருகி நடிகர் கையில் கொடுத்துவிட்டான். இரண்டு மேகசினிலும் குண்டு இல்லை, சத்தியமாக இல்லை. காலையில் மேகசினிலிருந்து குழாய்க்குள் ஏறிய ஒன்று அங்கேயே தங்கியிருந்தது. மிளகைவிடச் சற்றே பெரியது, வெள்ளை, கால் கிராம் இருக்கும். எதிரே நின்றது பூவரசன், சண்டைக் கலைஞர், மூன்று மாடியிலிருந்து விழுந்து எழுந்து தூசி தட்டுகிறவர், அவர் கத்தவில்லை, கொசு கடித்ததுபோல் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, என்னவோ பட்டுருச்சு அருளு, என்றார். என்னவோ. அன்று மேகசினில் இருந்தது பச்சை. ஏசி கேஸாக இருந்திருந்தால் சிவந்து, வீங்கி, நாலு நாளில் சரியாகியிருக்குமோ என்று அருளாந்து நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், கேட்க ஆள் இல்லை, கண் ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஒரு தடவை கேட்டார், அவர் இதை எதற்குக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். பூவரசன் இப்போது இடது பக்கம் பார்க்க வேண்டுமானால் முழுத் தலையையும் திருப்புகிறார். போன பொங்கலுக்கு ஒரு டீக்கடையில் பார்த்தபோது, உன் தப்பு இல்ல அருளு, அந்த வார்த்தை தப்பு, என்று சொல்லித் தோளில் தட்டினார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். தட்டியதை எங்கே வைப்பது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

ஏழு இருபத்தைந்து. குழாயை மறுபடி பார்த்தார். ஊதுபத்தியின் மூங்கில் குச்சியை முனை வழியாக விட்டார், அடிவரை போயிற்று, எதுவும் தடுக்கவில்லை. ஐந்தாவது தடவை. ஐந்து தடவை பார்த்த குழாயில் குண்டு இல்லை என்பது நிச்சயம், அப்படியானால் பயம் எதற்கு, இந்தப் பெண்ணின் கண்ணில் படப் போவது வெறும் காற்று, கொஞ்சம் குளிர்ந்த காற்று, ஒரு துளி எண்ணெய்கூட அதில் வரலாம், எரியும், கழுவினால் போகும். அன்றைக்கும் நிச்சயமாகத்தான் இருந்தது. நிச்சயம் என்பது அவருக்குக் கெட்டுப்போயிருந்தது, பால் மாதிரி, ஒரு தடவை திரிந்துவிட்டால் பிறகு எந்தப் பாலைப் பார்த்தாலும் மோந்து பார்க்கத் தோன்றுகிறது. ஆகவே கேஸ். தப்பு நடந்தாலும் நோகாத கேஸ் எது என்பதுதான் கேள்வி, கேமராவுக்கு எது நல்லது என்று அவர் யோசிக்கவே இல்லை, அது தமயந்திக்கும் தெரியாது, தீனதயாளனுக்கும் தெரியாது. நோகாதது ஏசி. அதிலும் குளிர்ந்த ஏசி. அதை நினைத்ததும் கக்கத்தில் இருந்த மேகசின் திடீரென்று அந்நியமாகத் தெரிந்தது. இதை எதற்குச் சூடாக்கிக்கொண்டிருக்கிறேன்? சூடாக்காமல் விட்டால் ஸ்லைடு கொட்டாவி விடும், தீனதயாளன் கத்துவார், இரண்டு டேக், மூன்று டேக், குளிருக்கு என்ன சார் பண்றது என்று கையை விரிக்கலாம், வெயில் ஏறுவதற்குள் வெளிச்சம் மாறிவிடும், அவர்களாகவே வேறு கோணத்துக்குப் போவார்கள். யாரும் முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. குளிர் சொல்லிவிடும். நாலாவதாக ஓரத்தில் நின்றது அந்தச் சொல்தான், முடியாது, அதைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை, சொன்னால் நாளையே ஒவ்வொரு கம்பெனிக்கும் போன் போகும், ஏற்கெனவே ஒரு கண்ணை வாங்கினவன், இப்போ வேலைக்கும் முரண்டு பிடிக்கிறான் என்று. முதல் பாதி உண்மை என்பதால் இரண்டாம் பாதியும் நிற்கும். ஆகவே குளிர். அருளாந்து ஸ்வெட்டருக்குள் கையை விட்டு மேகசினை எடுத்தார், முட்டையைப்போல் இளஞ்சூடாக இருந்தது, அதைக் கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயின் அடியில் ஈரமாகக் கிடந்த கடப்பைக்கல்லின் மூலையில் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். கெட்டிக்காரத்தனம் என்று தோன்றியது. அடுத்த மூச்சில் அது கெட்டிக்காரத்தனம் இல்லை, ஒளிந்துகொள்வது, ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது, என்று தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தன, ஒன்றை ஒன்று தள்ளவில்லை.

"அண்ணா, வெந்நி இங்க கிடைக்குமா?"

ஆன்சி. மேக்கப் முடிந்து, தலை முடிந்து, சால்வைக்குள் சுருண்டு நின்றாள். மார்த்தாண்டத்துக்காரி. கையில் ரப்பர் வெந்நீர்ப் பை.

"அடுப்புல இருக்கும்மா. பார்த்து ஊத்து."

அவள் ஊற்றிக்கொண்டு வந்தாள். பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "வேதாக்கா குடுத்தாங்க. இல்லேன்னா விறைச்சிருப்பேன். நேத்து ராத்திரி என் பல்லு அடிச்ச சத்தத்துல பக்கத்து ரூம்காரங்க எழும்பிட்டாங்க." மேடையைப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள். "இது என்னண்ணா, தண்ணியில கெடக்கு?"

"மேகசின்மா. அதுலதான் கேஸ் இருக்கும்."

"இதுதான் நேத்து குளிர்ந்துபோயி வேலை செய்யலேன்னு சார் ஏசுனாரு?" கையில் எடுத்துவிட்டாள். "அய்யோ, ஐஸா இருக்கு. சூடாக்கணும்லா. தாங்க, நான் வைக்கேன்."

வெந்நீர்ப் பையை மடித்து நடுவே மேகசினை வைத்துச் சால்வையை இழுத்து மூடினாள். அருளாந்து கையை நீட்டினார், நீட்டிய கை பாதியில் நின்றது.

"அடைகாக்கேன்," என்றாள். "எத்தனை நாள்ல பொரிக்கும்?"

"வேண்டாம்மா, குடு. உனக்கெதுக்கு."

"இருக்கட்டும். இன்னைக்கும் அது தூங்கிச்சுன்னா பத்து டேக் நான்தானே கண்ணை முழிச்சிக்கிட்டு நிக்கணும். ஒரே டேக்ல முடிஞ்சா எனக்கும் நல்லதுதானே."

அவள் சிரித்தாள். அருளாந்தும் சிரித்ததாக நினைவு. அவளிடம் சொல்ல இருந்தது ஒன்று, அது தொண்டைவரை வந்து, அம்மா, அது சூடாகக் கூடாது, நான் வேண்டுமென்றேதான் அங்கே போட்டேன், என்று வரிசையாக நின்றது, ஆனால் அதைச் சொன்னால் ஏன் என்பாள், ஏன் என்பதற்குப் பூவரசனைச் சொல்ல வேண்டும், பூவரசனைச் சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடும், சிரிப்பு போன முகத்தோடு அவள் அந்த டேப்பில் நிற்பாள், பயந்தவள் அசைவாள், அசைந்தால் நாலு விரற்கடை மூன்றாகும். பயப்படாமல் இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு என்று அவர் தமக்குச் சொல்லிக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது அந்த நியாயம். இதைப்போல் எத்தனை நியாயம் வேண்டுமானாலும் தம்மால் செய்ய முடியும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. பதினைந்து நிமிடம் அவள் அங்கேயே ஒரு சாக்குமூட்டைமேல் உட்கார்ந்து, அம்மா போனில் சாப்பிட்டியா என்று மட்டும்தான் கேட்பாள் என்பதையும், ஊரில் எல்லாரும் நீ செத்துப்போற ரோலா என்று கேட்பதையும் சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் வாயிலிருந்து ஆவி வந்தது, சால்வைக்குள் அவள் கைச்சூட்டிலும் வெந்நீர்ச் சூட்டிலும் அந்த இரும்புக்குள் கேஸ் மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது, அவர் கண்ணால் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், பதினெட்டு வருஷத்து மெக்கானிக், எத்தனை சூட்டுக்கு எத்தனை அழுத்தம் என்று மீட்டரில்லாமலே சொல்லக்கூடியவர். தன்னை நோக்கி வரப்போவதற்கு அந்தப் பெண்ணே உயிர் கொடுத்துக்கொண்டிருந்தாள், உதவியாக.

ஏழு ஐம்பத்திரண்டுக்குக் கூப்பிட்டார்கள். கூடத்தில் கணப்பு எரிந்தது, வெளிச்சம் ஜன்னலிலிருந்து சாய்ந்து விழுந்தது. கஜேந்திரன் சார் நாற்காலியிலிருந்து எழுந்தார், முப்பது வருஷத்து வில்லன், நிஜத்தில் எறும்புக்குக்கூட ஒதுங்கி வழிவிடுகிறவர். அருளாந்து அவர் முன்னிலையில் குச்சியைக் குழாயில் விட்டுக் காட்டினார். தமயந்திக்குக் காட்டினார். குண்டு இல்லை, குழாய் சுத்தம், என்றார். மேகசினை ஆன்சி சால்வைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். சொருகினார். உத்தரத்தைப் பார்த்து ஒரு தடவை அழுத்தினார். படீர் என்று ஸ்லைடு போய் வந்தது, கை மணிக்கட்டுவரை உதறியது, அவ்வளவு சுத்தமான உதையை அவர் அந்தப் பிஸ்டலில் பார்த்ததே இல்லை.

"இதான்யா," என்றார் தீனதயாளன். "நேத்து இது எங்க போச்சு?"

"நான்தான் சார் சூடாக்கிக் குடுத்தேன்," என்றாள் ஆன்சி.

"அப்போ அருளாந்து சம்பளத்துல பாதியை உனக்குக் குடுத்துரலாம்." எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் டேப்பில் நின்றாள். கஜேந்திரன் கையை நீட்டினார். ஒளிப்பதிவாளர் விரலால் சைகை காட்ட, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நாலு விரற்கடை. கஜேந்திரன் பார்வையைத் திருப்பாமலே கேட்டார்: "தம்பி, அவங்க கண்ணை மூடிக்கிட்டா என்ன?"

"மூடுனா சீனே இல்ல சார்," என்றார் தீனதயாளன்.

எல்லாம் அடங்கிற்று. அப்போது ஆன்சி, தலையை அசைக்காமல், பிஸ்டலின் முனைக்கு அப்பால் நின்ற அருளாந்தைப் பார்த்து, இந்தப் பஸ் குழித்துறை போகுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்: "அண்ணா, இதுல யாருக்காச்சும் எதாச்சும் ஆயிருக்கா?"

இதுல. அந்தச் சொல் அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. இதில் ஆகவில்லை. இந்தப் பிஸ்டல் போன வருஷம் வாங்கியது, அது வேறு பிஸ்டல், அன்று பச்சை, இது ஏசி, அன்று குண்டு இருந்தது, இதில் இல்லை, இதுல இல்லம்மா என்றால் அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை, பாதிரியார் முன்னால் வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சொல்லலாம். நாக்கு மேலண்ணத்தில் ஏறிவிட்டது. இ என்று தொடங்கவும் தொடங்கிவிட்டது. எல்லாரும் அதை எதிர்பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள், தமயந்தி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. வலது கண்ணில் ஜன்னல் தெரிந்தது. இடது கண்ணில் பிஸ்டல் தெரிந்தது. இத்தனை கேஸ் யோசித்தேனே, பச்சை, ஏசி, சோடா, ஒன்றாவது எனக்குப் பதிலாக வாய்திறக்கும் என்று, ஒன்றும் திறக்காது, அவை கேஸ், என்று நினைத்தார். அதை நினைத்ததாகவே அவர் பேருந்தில் சொன்னார்: அவை கேஸ்.

"இதுல இல்லம்மா," என்றார். "வேற ஒண்ணுல ஆயிருக்கு. பூவரசன்னு ஒரு ஃபைட்டர். இடது கண்ணு. பார்வை போச்சு. நான் கையில குடுத்த துப்பாக்கி. இதேபோலக் கேட்டாங்க. காலின்னு சொன்னேன்."

கணப்பில் ஒரு விறகு வெடித்தது. கஜேந்திரன் கையைத் தாழ்த்தினார். பிஸ்டலை நாற்காலியில், முனை சுவரைப் பார்க்க வைத்துவிட்டு உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஆன்சி குனிந்து டேப்பைப் பார்த்தாள். ஒரு காலை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து மற்றதையும் எடுத்தாள்.

"நான் சைடுல நிக்கேன் சார்," என்றாள். "இப்படி நேரா நிக்க மாட்டேன்."

தீனதயாளன் அவளைப் பார்க்கவில்லை. அருளாந்தைப் பார்த்தார். "இதை நேத்தே சொல்லியிருக்கலாமேய்யா," என்றார், சத்தமில்லாமல். அந்த ஒரு கேள்விதான் நியாயமாக இருந்தது. முடியாது என்ற சொல்லை அவர் கடைசிவரை சொல்லவில்லை. அதைச் சொன்னது அந்தப் பெண். முதல் படம், இருபத்துமூன்று வயது, நாற்பது பேர் நடுவில், அவர் தூக்க வேண்டியதை அவள் தலையில் வைத்துவிட்டு அவர் நின்றார். மேகசினைக் கழற்றி வால்வை அழுத்தினார். கேஸ் சீறி வெளியேறியது. எல்லாம் போன பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தார். விரல் மரத்து, நகக்கண்ணில் வெள்ளையாகப் பனி கட்டியது.

வேதநாயகி சொன்னபடி, அந்த ஷாட்டைப் பதினோரு மணிக்குப் பக்கவாட்டில் வேறு லென்ஸ் போட்டு எடுத்தார்கள். பிஸ்டல் அவள் முகத்துக்கு அப்பால் சுவரைப் பார்த்தது. படத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அருளாந்தை மத்தியானப் பேருந்தில் அனுப்பினார்கள். தலைமுடி வேலை முடிந்துவிட்டதால் வேதநாயகியும் அதிலேயே இறங்கினார். ஆன்சிக்கு அதன் பிறகு எழுதவிருந்த காட்சிகளில் பாதி எழுதப்படாமலே போயின. இதே நிகழ்ச்சியை லைட்மேன்கள் மூவரிடம், வெவ்வேறு நாட்களில், தனித்தனியே கேட்க வாய்த்தது. மூவர் சொல்வதிலும் முடிவு ஒன்றுதான், வேதநாயகி சொல்வதற்கு மாறானது: குளிருக்குப் பச்சை டப்பாவே ஏற்றப்பட்டது, நாலு விரற்கடையில் விசை அழுத்தப்பட்டது, ஒரே டேக், யாருக்கும் எதுவும் ஆகவில்லை, அருளாந்து அதன் பிறகு ஒன்பது படம் செய்தார். நல்லபடியாக முடிந்தது என்கிறார்கள். அந்த வடிவத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவள் எதையும் கேட்பதும் இல்லை.